ஆல்போரெட்டோ: 1985 பட்டம் கைநழுவியது யாரால்?

பாரிவேந்தன்:
‘இத்தாலிய டிரைவர்கள்’ இழையில் செழியன் சார் ஒரு வரி எழுதியிருந்தார்: “ஆல்போரெட்டோ நல்ல டிரைவர்தான், ஆனால் 194 ரேஸில் 5 வெற்றி என்பது சாம்பியன் கணக்கு ஆகாது.” அந்த இழை வேறு பக்கம் போய்விட்டது. அதனால் பதிலை இங்கே தனியாகப் போடுகிறேன்.

மிக்கேலே ஆல்போரெட்டோ 1985 ஃபார்முலா 1 உலகப் பட்டத்துக்கு முழுத் தகுதி உள்ளவர். அதை அவர் கையிலிருந்து பிடுங்கியது ஃபெராரி. எங்கே கேட்டாலும் நான் இதைத்தான் சொல்வேன்.

ஆள் யார் என்று முதலில் பார்ப்போம். 1956 டிசம்பரில் மிலானில் பிறந்தவர். 1976இல் நண்பர்கள் கூட்டாகக் கட்டிய காரில் ஃபார்முலா மோன்ஸாவில் இறங்கினார், அந்தக் கார் தேறவில்லை. நான்கே வருடத்தில், 1980இல், ஐரோப்பிய ஃபார்முலா 3 சாம்பியன். 1981ஐப் பாருங்கள். மே மாதம் இமோலாவில் டைரல் அணிக்காக ஃபார்முலா 1 அறிமுகம். அதே வருடம் மிசானோவில் மினார்டி காரில் ஃபார்முலா 2 வெற்றி. அதே வருடம் அமெரிக்காவில் வாட்கின்ஸ் கிளென் 6 மணி நேர ரேஸில் ரிக்கார்டோ பட்ரேசேயோடு லான்சியாவில் வெற்றி. மூன்று வகைக் கார்கள், வயது 24.

அணி உரிமையாளர் கென் டைரலிடம் அப்போது பணமும் இல்லை, கூடுதல் காற்றைத் தள்ளிச் சக்தியைக் கூட்டும் டர்போ எஞ்சினும் இல்லை. எதிரே ரெனோ, ஃபெராரி, பிஎம்டபிள்யூ டர்போக்கள். அந்தக் காரில் 1982 லாஸ் வேகஸ், 1983 டெட்ராய்ட் என்று இரண்டு வெற்றி. டெட்ராய்ட் வெற்றி காஸ்வொர்த் டிஎஃப்வி குடும்ப எஞ்சினின் 155ஆவது வெற்றி, அதோடு அந்தக் கணக்கு முடிந்தது. டைரல் அணிக்கும் கடைசி வெற்றி அதுதான்.

தன் அணியின் இத்தாலிய டிரைவர் பந்தினி 1967 மொனாக்கோ விபத்தில் இறந்தபிறகு இத்தாலியர்களைக் காரில் உட்கார வைக்க என்சோ ஃபெராரி தயங்குவார். 1973இல் மெர்சாரியோ போனதும் பத்து வருடம் முழுநேர இத்தாலிய டிரைவரே அங்கு இல்லை. 1984இல் ஆல்போரெட்டோவை எடுத்தார். மூன்றாவது ரேஸ், பெல்ஜியத்தில் ஸோல்டர்: போல் பொசிஷன் (தொடக்க வரிசையில் முதலிடம்), வெற்றி. ஃபெராரியில் ஓர் இத்தாலியர் ஜெயித்தது 1966 மோன்ஸாவில் ஸ்கார்ஃபியோட்டிக்குப் பிறகு அதுதான்.

அடுத்த வருடம் ஆகஸ்ட் முடியும்போது புள்ளிப்பட்டியல்: மெக்லாரன் அணியின் புரோஸ்ட் 56, ஆல்போரெட்டோ 53. மீதி ஐந்து ரேஸ். அந்த ஐந்திலும் ஃபெராரி வழியில் நின்றது. சீசன் முடிந்தபோதும் அவர் கணக்கு அதே 53. ஐந்து ரேஸில் ஒரு புள்ளிகூடக் கொடுக்க முடியாத காரை வைத்துக்கொண்டு எந்த டிரைவர் என்ன செய்வார்?

செழியன்:
பாரி, விரிவாக எழுதியதற்கு நன்றி. கடைசி ஐந்து ரேஸ் பற்றிய உங்கள் கணக்கு சரி. ஆனால் சாம்பியன்ஷிப் 16 ரேஸ். மற்ற பதினொன்றையும் பார்க்க வேண்டாமா?

புரோஸ்ட் அந்த வருடம் ஜெயித்தது ஐந்து: பிரேசில், மொனாக்கோ, பிரிட்டன், ஆஸ்திரியா, இத்தாலி. ஆல்போரெட்டோ ஜெயித்தது இரண்டு: கனடா, ஜெர்மனி. இதற்கு மேல் இமோலாவிலும் புரோஸ்ட் முதலாவதாக வந்தார், கார் 2 கிலோ எடை குறைவு என்று அங்கே தகுதி நீக்கம் செய்துவிட்டார்கள். வெற்றிக்குரிய அந்த 9 புள்ளி போன கதையை யாரும் சோகமாகச் சொல்வதில்லை. புரோஸ்ட் மொத்தம் எடுத்தது 76. சிறந்த 11 முடிவுகள்தான் செல்லும் என்ற விதியால் 3 போய் 73. இடைவெளி 20 புள்ளி. ஐந்து ரேஸில் இரண்டை ஜெயித்திருந்தால்கூட 18தான் கிடைத்திருக்கும்.

“கார் நின்றது” என்ற வாதத்திலும் எனக்கு ஒரு கேள்வி. அதே மெக்லாரனில் நிக்கி லௌடாவுக்கு அந்த வருடம் 14 புள்ளிதான். ஆகவே மெக்லாரன் உடையாத கார் என்று சொல்ல முடியாது. 220 லிட்டர் பெட்ரோலுக்குள் ரேஸை முடிக்க வேண்டிய காலம் அது. எஞ்சினை, டயரை, பெட்ரோலை எப்படிப் பத்திரமாகக் கொண்டுபோவது என்பதில் புரோஸ்ட்டுக்கு ஈடு அன்றைக்கு யாரும் இல்லை. அதுவும் ஓட்டுகிற திறமைதானே.

ஜெர்மனி வெற்றியையும் ஒருமுறை திரும்பப் பாருங்கள். முதல் வளைவிலேயே தன் சொந்த அணியின் ஸ்டெஃபான் யோஹான்சன் காரை உரசி, அவர் டயரைப் பஞ்சர் ஆக்கிவிட்டுத்தான் ஆல்போரெட்டோ போனார்.

அன்வர்:
செழியன் அண்ணே, எஞ்சின் பக்கம் நான் கொஞ்சம் பேசலாமா? லாரி டர்போக்களைக் கழற்றி மாட்டுகிற வேலை எனக்கு, அதனால் இந்தச் சீசன் கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கண்ணில் படுவது வேறு.

டர்போவுக்குள் இரண்டு வீல், நடுவில் ஒரு ஷாஃப்ட். அந்த ஷாஃப்ட் நிமிடத்துக்கு லட்சம் சுற்றையும் தாண்டிச் சுற்றும். பேரிங்கில் அது உலோகத்தின் மேல் உட்காருவதில்லை, மெல்லிய ஆயில் படலத்தின் மேல் மிதக்கிறது. ஆயில் அழுத்தம் ஒரு நொடி குறைந்தாலும் ஷாஃப்ட் ஆட ஆரம்பிக்கும். ஆடினால் வீல் ஹவுசிங்கில் உரசும், சீல் போகும், ஆயில் நேராகக் கொதிக்கிற எக்ஸாஸ்ட்டுக்குள் இறங்கும். பிறகு புகை, அதற்கடுத்து நெருப்பு. ஓட்டுகிறவர் காலை மெதுவாக வைத்தாரா வேகமாக வைத்தாரா என்பதெல்லாம் அந்த இடத்தில் பெரிய வித்தியாசம் தராது.

ஃபெராரி அந்தச் சீசன் நடுவில் ஜெர்மன் கேகேகே டர்போவை விட்டு அமெரிக்க காரெட் டர்போவுக்கு மாறியது என்று இத்தாலியில் ஒரு கதை சொல்வார்கள். மெக்லாரனின் போர்ஷே எஞ்சினிலும் கேகேகேதான். அவர்களுக்கு நல்ல சரக்கு போகிறது, நமக்கு மட்டம் வருகிறது என்று கிழவர் என்சோவுக்குக் கோபம் வந்ததாம். அது எவ்வளவு உண்மையோ, ஒன்றை மட்டும் தொழில்காரனாகச் சொல்கிறேன். ஒரு எஞ்சினுக்குப் பொருத்திப் பார்த்த டர்போவை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போட்டால், ஆயில் லைன் முதல் எல்லாவற்றையும் மறுபடி கணக்குப் போட வேண்டும். சீசன் நடுவில், இரண்டு வாரத்துக்கு ஒரு ரேஸ் ஓடும்போது, அதைச் சரியாகச் செய்து முடிப்பது மிகக் கஷ்டம்.

பாரிவேந்தன்:
அன்வர் பாய் சொன்னதை அப்படியே இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹாட்ச் பாதையில் பார்க்கலாம். 1985 அக்டோபர் 6. டர்போ போய்விட்டது, காரின் பின்பக்கம் தீப்பிடித்துவிட்டது. சாதாரணமாக டிரைவர் என்ன செய்வார்? ஓரமாக, தீயணைக்கும் ஆள் நிற்கிற இடமாகப் பார்த்து நிறுத்திவிட்டு இறங்கி ஓடுவார். ஆல்போரெட்டோ நிறுத்தவில்லை. பின்னால் தீ எரிந்துகொண்டே இருக்க, பிட்லேனுக்குள் திரும்பி, ஃபெராரி பிட் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். மெக்கானிக்குகள் தீயணைப்பானோடு ஓடிவந்தார்கள். அன்றைக்கு நான்காவதாக வந்து புரோஸ்ட் பட்டத்தை உறுதி செய்துகொண்டார்.

அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் யாரும் “இவர் காரைப் பத்திரமாக ஓட்டத் தெரியாதவர்” என்று சொல்ல மாட்டார்கள். நீங்கள் எனக்குக் கொடுத்தது இதுதான், நீங்களே பாருங்கள் என்று கொண்டுவந்து காட்டினார்.

மொனாக்கோவையும் சொல்கிறேன், செழியன் சார் அதைப் புரோஸ்ட் கணக்கில் வெற்றியாக எழுதியிருப்பதால். செனாவின் எஞ்சின் போனதும் ஆல்போரெட்டோ முன்னணியில். பட்ரேசேயும் பிகேவும் மோதிக்கொண்டதில் முதல் வளைவு செயின்ட் தெவோத்தில் ரோடெல்லாம் ஆயில். அங்கே முதலில் வந்து சேர்ந்தது முன்னணியில் இருந்தவர்தானே, சறுக்கி நேராக வெளிவழியில் போய்விட்டார். புரோஸ்ட் தாண்டிவிட்டார். சில சுற்றில் ஆல்போரெட்டோ விரட்டிப் பிடித்து, அதே வளைவில் புரோஸ்ட்டைத் தாண்டினார். மொனாக்கோவில், புரோஸ்ட்டை! அதன்பிறகு டயர் பஞ்சர், பிட்டுக்குள் போய் வெளியே வந்தபோது நான்காவது இடம். அங்கிருந்து டி செசாரிஸ், டி ஆஞ்சலிஸ் இருவரையும் தாண்டி இரண்டாவதாக முடித்தார். அன்றைய அதிவேகச் சுற்றும் அவருடையதே. வெற்றி எண்ணிக்கையில் இந்த மதியம் பூஜ்யமாகத்தான் தெரியும்.

செழியன்:
மொனாக்கோ அருமையான ஓட்டம், அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் எரிகிற காரை ஆட்கள் நிறைந்த பிட்லேனுக்குள் கொண்டுவருவதை வீரம் என்று என்னால் எழுத முடியாது. பெட்ரோல் ஊறிய இடம் அது, நூறு பேர் நிற்கிறார்கள். கோபம் நியாயமானதாக இருக்கலாம். அந்தக் கோபத்தை அங்கே நின்ற மெக்கானிக் மேல் கொண்டுவந்து நிறுத்தியது நியாயமில்லை.

என் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். 1985 அநியாயம் என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த மூன்று வருடம்? 1986இல் அதே அணியில் யோஹான்சன் 23 புள்ளி, ஆல்போரெட்டோ 14. 1987இல் பெர்கர் வந்தார்: பெர்கர் 36, ஆல்போரெட்டோ 17. ஜப்பானிலும் ஆஸ்திரேலியாவிலும் ஜெயித்தது பெர்கர். 1988இல் பெர்கர் 41, ஆல்போரெட்டோ 24. மூன்று வருடமும் பக்கத்துக் காரில் இருந்தவருக்குப் பின்னால். 1985 ஆகஸ்டில் நூர்பர்க்ரிங்கில் ஜெயித்ததுதான் அவருடைய கடைசி கிராண்ட் பிரீ வெற்றி. அதன்பிறகு ஒன்பது வருடம் ஓட்டினார்.

பட்டம் தவறிப்போன மற்றவர்களைப் பாருங்கள். ஸ்டர்லிங் மாஸ் வருடா வருடம் திரும்பி வந்தார். ஒரே ஒரு சீசனை வைத்து ‘பட்டம் பறிபோன சாம்பியன்’ என்று பெயர் கொடுப்பதுதான் எனக்கு ஒப்பவில்லை.

மாதங்கி:
இருவரும் 1985லேயே நின்றுவிட்டீர்கள். பாரி முதல் பதிவில் “மூன்று வகைக் கார்கள்” என்று ஆரம்பித்ததால்தான் நான் உள்ளே வந்தேன். பல வகைக் கார்களில் சமமாக ஓட்டிய இத்தாலியர் யார் என்றால் என் பதில் தியோ ஃபாபி. ஆல்போரெட்டோவுக்கு இருக்கிற அனுதாபத்தில் பத்தில் ஒரு பங்குகூட அவருக்குக் கிடைப்பதில்லை.

1983இல் இண்டியானாபொலிஸ் 500க்குப் புதுமுகமாகப் போனார். ஓவல் பாதையைப் பார்த்து வளராத ஆள், முதல் முயற்சியிலேயே போல் பொசிஷன். அந்த அமெரிக்க சீசனில் 4 வெற்றி, பட்டத்தில் இரண்டாம் இடம். ஃபார்முலா 1இல் மூன்று போல். அதில் ஒன்று 1985 நூர்பர்க்ரிங், டோல்மன் காரில். டோல்மன் அணியின் வரலாற்றிலேயே ஒரே போல் அது. நீங்கள் வாதாடிக்கொண்டிருக்கிற ஜெர்மன் ரேஸில் முதல் வரிசையில் நின்றவர் ஃபாபிதான்! 1991இல் ஜாகுவாரில் ஸ்போர்ட்ஸ் கார் உலக சாம்பியன். ஆல்போரெட்டோவிடம் எந்த வகையிலும் ஓர் உலகப் பட்டம் இருக்கிறதா?

அமெரிக்காவில் ஆல்போரெட்டோ என்ன செய்தார் என்றும் பாருங்கள். 1996இல் இண்டி 500 ஓட்டினார், கார் பாதியிலேயே நின்றது. அவ்வளவுதான்.

பாரிவேந்தன்:
மாதங்கி, ஃபாபி மேல் எனக்கும் மரியாதை உண்டு. 1982 நூர்பர்க்ரிங் 1000 கிலோமீட்டரை லான்சியாவில் ஆல்போரெட்டோ, பட்ரேசே, ஃபாபி மூவரும் சேர்ந்துதான் ஜெயித்தார்கள். ஆனால் ஃபார்முலா 1இல் மூன்று முறை போலில் நின்ற ஃபாபி, ஒரு சுற்றின் முடிவில்கூட முதலிடத்தில் கோட்டைக் கடந்ததில்லை. ஆல்போரெட்டோ ஐந்து முறை ஜெயித்தார். அதில் இரண்டு, டர்போ இல்லாத காரில்.

செழியன் சார் கேட்ட 1986–88க்கு வருகிறேன். 1987இல் அவர் பாதிக்கு மேற்பட்ட ரேஸ்களை முடிக்கவே இல்லை. அந்த ஃபெராரிக்கு ஜான் பர்னார்ட் பொறுப்பேற்று, இத்தாலிக்கு வராமல் இங்கிலாந்தில் இருந்தபடியே காரை வடிவமைக்க ஆரம்பித்த காலம். இப்படித் தூரத்திலிருந்து கார் கட்ட முடியாது என்று வெளிப்படையாகப் பேசியவர் ஆல்போரெட்டோ. அணிக்குள் அவருக்கு அது எந்த நன்மையும் செய்யவில்லை. அரசியலில் தோற்றார், ஒப்புக்கொள்கிறேன். பெர்கர் வேகமான ஆள், இளையவர், புது அணி அவரைச் சுற்றி அமைந்தது. அப்படியிருந்தும் என்சோ இறந்து நான்கு வாரத்தில், 1988 மோன்ஸாவில், மெக்லாரன் தோற்ற ஒரே ரேஸில், பெர்கர் முதலிடம், ஆல்போரெட்டோ இரண்டாமிடம்.

பிராண்ட்ஸ் ஹாட்ச் விஷயத்தில் நாம் ஒத்துப்போக மாட்டோம், விட்டுவிடுவோம்.

அன்வர்:
அண்ணே, பல வகை வண்டி என்று பேசும்போது தாசியோ நுவோலாரியை விட்டால் எப்படி? பைக்கில் ஐரோப்பிய சாம்பியன், மில்லே மில்யா சாலை ரேஸ், லெ மான் 24 மணி நேர ரேஸ், 1935 ஜெர்மன் கிராண்ட் பிரீ. இத்தாலியில் அவருக்கு மேல் யார்?

மாதங்கி:
அன்வர், அவர் உயரம் வேறு, காலமும் வேறு. நுவோலாரியை இழுத்தால் மற்ற யாரைப் பற்றியும் பேச முடியாது. 1970க்குப் பிறகு என்று வைத்துக்கொள்வோம். அப்படிப் பார்த்தால் எமானுவேலே பிர்ரோ பெயரும் வர வேண்டும், லெ மானில் ஐந்து வெற்றி. ஃபார்முலா 1இல் அவருக்கு ஒன்றும் அமையவில்லை, அது வேறு கதை.

செழியன்:
1989க்குப் பிறகான பகுதியையும் பேச வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் 194 என்ற எண்ணிக்கை அங்கேதான் ஏறியது. டைரலுக்குத் திரும்பி மெக்சிகோவில் மூன்றாம் இடம், நல்ல ஆரம்பம். பிறகு சிகரெட் ஸ்பான்சர் தகராறு. அணிக்கு கேமல் வந்தது, இவர் மார்ல்போரோ ஆள், சீசன் நடுவில் வெளியேறினார். அவர் இடத்தில் உட்கார்ந்த ழான் அலேசி முதல் ரேஸிலேயே நான்காவது. இவர் லருஸ் அணிக்குப் போனார், சில ரேஸ்களில் தகுதிச் சுற்றிலேயே வெளியே. 1991இல் ஃபுட்வொர்க், அந்தப் பளுவான போர்ஷே வி12. 1993இல் ஸ்குதேரியா இத்தாலியா லோலா, அது இன்னும் மோசம். 1994இல் மினார்டி. இமோலாவில் பிட்டிலிருந்து கிளம்பும்போது சக்கரம் கழன்று மற்ற அணி மெக்கானிக்குகள் அடிபட்டார்கள். மொனாக்கோவில் ஆறாவதாக வந்து கடைசிப் புள்ளி.

ஒரு பெரிய டிரைவர் எப்போது நிறுத்த வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். இந்த ஆறு வருடமும் அவர் பெயரைக் குறைத்தது.

பாரிவேந்தன்:
இந்த இடத்தில்தான் உங்களோடு எனக்கு உண்மையான சண்டை. ‘பெயர்’ என்று எதைச் சொல்கிறீர்கள்? அவருக்கு வேலை கார் ஓட்டுவது, பிடித்ததும் அதுதான். ஃபெராரியில் ஜெயித்த ஓர் ஆள், தகுதிச் சுற்றில் தேறுமா என்றே தெரியாத காரில் உட்கார்ந்து, காலையில் எழுந்து இன்னொரு முறை முயற்சி செய்தார் என்றால் அதில் எந்தக் குறைவும் எனக்குத் தெரியவில்லை. 1992இல் ஃபுட்வொர்க் முகென் எஞ்சின் போட்டுக் கொஞ்சம் நல்ல கார் கொடுத்ததும் 6 புள்ளி எடுத்தார்.

பிறகு நடந்ததைப் பாருங்கள். 1995இல் ஆல்ஃபா ரோமியோவில் டூரிங் கார், அமெரிக்காவில் ஃபெராரி 333 எஸ்பி ஸ்போர்ட்ஸ் கார். 1996இல் இண்டி. 1997இல் லெ மான். யோஸ்ட் அணியின் போர்ஷே டபிள்யூஎஸ்சி-95. கூரையில்லாத, அதற்கு முந்தைய வருடம் ஏற்கெனவே ஜெயித்திருந்த பழைய கார். எதிரே போர்ஷேவின் சொந்த அணி, மேம்படுத்திய 911 ஜிடி1. தகுதிச் சுற்றில் போல் எடுத்தது ஆல்போரெட்டோ, 40 வயதில். அவரோடு ஓட்டியது யார்? அதே ஸ்டெஃபான் யோஹான்சன். மூன்றாவது ஆள் கடைசி நேரத்தில் அழைக்கப்பட்ட டாம் கிரிஸ்டென்சன், அவருடைய முதல் லெ மான். 361 சுற்று, வெற்றி. 1985இல் முதல் வளைவில் உரசிக்கொண்ட இரண்டு பேர் பன்னிரண்டு வருடம் கழித்து ஒரே காரின் ஸ்டியரிங்கைக் கைமாற்றி ஜெயித்தார்கள். அதற்கு முன் நிறுத்தியிருந்தால் இது நடந்திருக்குமா?

செழியன்:
1997 வெற்றியை மதிக்கிறேன். ஆனால் நடந்ததை முழுதாகச் சொல்லுங்கள். அந்த ரேஸில் பெரும்பகுதி முன்னணியில் இருந்தவை ஃபாக்டரி, அதாவது போர்ஷேவின் சொந்த அணியின், 911 ஜிடி1 கார்கள். ஒன்றை ஞாயிறு காலை போப் வொல்லெக் மோதினார். இன்னொன்று ரேஸ் முடிய இரண்டு மணி நேரம் இருக்கும்போது தீப்பிடித்து எரிந்தது. இரண்டும் போனபிறகுதான் யோஸ்ட் காருக்கு வழி கிடைத்தது. இரவில் சுற்று சாதனையோடு பறந்து இடைவெளியைக் குறைத்தவரும் கிரிஸ்டென்சன்.

பாரிவேந்தன்:
செழியன் சார், இதைத்தான் நீங்கள் எழுத வேண்டும் என்று காத்திருந்தேன்.

1985இல் ஃபெராரி ஐந்து முறை நின்றபோது, “காரைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் திறமைதான்” என்றீர்கள். 1997இல் எதிராளி கார் நின்றபோது, “அதனால்தான் வழி கிடைத்தது” என்கிறீர்கள். இரண்டையும் ஒரே தராசில் வையுங்கள். கார் சேர்ப்பது திறமை என்றால், 24 மணி நேரம் பழைய காரை உடையாமல் ஓட்டிய மூவருக்கும் அந்த வெற்றி முழுதாகச் சொந்தம். கார் உடைவது அதிர்ஷ்டம் என்றால், 1985ஐ அவர் திறமைக் கணக்கில் கழிக்கக் கூடாது. இரண்டு இடத்திலும் அவருக்கு எதிராகவே தீர்ப்பு சொன்னால் எப்படி?

செழியன்:
கேள்வி நியாயமானது, பதில் சொல்கிறேன். லெ மானில் ஃபாக்டரி போர்ஷேக்கள் உடைந்தது அவர் செய்த வேலை அல்ல. ஆனால் தன் காரை முடிவுவரை கொண்டுவந்தது அவர் வேலை. ஆகவே வெற்றியில் அவர் பங்கை நான் குறைக்கவில்லை. அந்த வெற்றியைக் காட்டி “1985இல் இவர்தான் சாம்பியன்” என்று நிறுவ முடியாது என்பதே என் வாதம். ஸ்போர்ட்ஸ் காரில் மூன்று பேர் சேர்ந்து ஓட்டுகிறார்கள், ஃபார்முலா 1இல் ஒருவர் தனியாக ஒரு சீசன் முழுக்கத் தாக்குப்பிடிக்க வேண்டும். இரண்டும் வேறு திறமை. அவர் முதலாவதில் மிகப் பெரியவர், இரண்டாவதில் முதல் வரிசைக்கு ஒரு படி கீழே. இதுவே என் நிலை.

அதனால்தான் 2021இல் மோன்ஸாவின் பரபோலிகா வளைவுக்கு அவர் பெயரை வைத்தபோது எனக்கு இடறியது. மோன்ஸாவில் அவர் ஜெயித்ததே இல்லை. 1984இலும் 1988இலும் இரண்டாம் இடம். ஃபெராரியில் அங்கே ஜெயித்த இத்தாலியர் ஸ்கார்ஃபியோட்டி பெயரில் எந்த வளைவும் இல்லை.

மாதங்கி:
பரபோலிகா விஷயத்தில் நான் பாரி பக்கம். வளைவுக்குப் பெயர் வைப்பது வெற்றிப் பட்டியலுக்குச் செய்கிற மரியாதை இல்லை, அந்த ஊர் தன் பிள்ளைக்குச் செய்வது. மிலான்காரர், ஃபார்முலா மோன்ஸாவில் தொடங்கியவர், ஃபெராரிக்காக ஃபார்முலா 1இல் ஜெயித்த கடைசி இத்தாலியர். அந்த மேடைக்கு வந்து நிற்கிற கூட்டத்துக்கு அவர் யார் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஹெல்மெட்டைப் பார்த்திருக்கிறீர்களா? நீலத்தில் மஞ்சள். ரோனி பீட்டர்சன் மேல் இருந்த பிரியத்தில் அவருடைய ஹெல்மெட் நிறத்தையே எடுத்துக்கொண்டார். பீட்டர்சன் 1978 மோன்ஸா விபத்தில் அடிபட்டு இறந்தவர். அந்த ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வருடமும் அதே மோன்ஸாவில் ஓட்டியவர் ஆல்போரெட்டோ. எனக்கு அது போதும்.

இன்னொரு தகவல், பாரிக்குப் பிடிக்கும், எனக்கும் பிடிக்கும். 1997இல் அவர் ஜெயித்த அந்த டபிள்யூஎஸ்சி-95இன் உடல், 1991 ஜாகுவார் எக்ஸ்ஜேஆர்-14இலிருந்து வந்தது. போர்ஷே எஞ்சினை அதில் பொருத்தினார்கள். அந்த ஜாகுவாரில்தான் ஃபாபி உலக சாம்பியன் ஆனார். ஆகவே லெ மானைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஃபாபி பெயரும் கூடவே வரும்.

அன்வர்:
2001 பற்றி யாரும் எழுதவில்லையே. நான் எழுதுகிறேன். மார்ச்சில் ஆடி ஆர்8இல் கபெல்லோ, ஐயெல்லோவோடு செப்ரிங் 12 மணி நேரத்தை ஜெயித்தார். அதற்கு முந்தைய வருடம் அதே ஆர்8இல் அமெரிக்காவின் பெட்டி லெ மான் ரேஸில் வெற்றி, லெ மானில் மூன்றாம் இடம். ஏப்ரல் 25 அன்று ஜெர்மனியில் லௌசிட்ஸ்ரிங் பாதையில், லெ மானுக்கான சோதனை ஓட்டத்தில், பின் டயரில் காற்று இறங்கி, நேர்பாதையில் முழு வேகத்தில் கார் மேலே எழும்பித் தடுப்பைத் தாண்டி விழுந்தது. அதில் ஆல்போரெட்டோ இறந்தார், வயது 44. ஏதோ ஒன்றின் மேல் ஏறியதில் டயர் பஞ்சர் ஆனது என்றுதான் பிறகு விசாரணையில் வந்தது, ஓட்டியதில் தவறில்லை.

எப்போது நிறுத்த வேண்டும் என்று செழியன் அண்ணன் கேட்டது நினைவிருக்கட்டும். மார்ச்சில் 12 மணி நேர ரேஸை ஜெயித்த ஆளிடம் போய் ஏப்ரலில் நிறுத்து என்று யார் சொல்வார்கள்?

செழியன்:
அன்வர், நான் நிறுத்தச் சொன்னது 1989–94 ஃபார்முலா 1 காலத்தை. ஆடி காலத்தைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை, அந்த வயதில் அந்த வேகம் மிகச் சிலருக்கே வாய்த்தது. 1985 பற்றிய என் நிலை அப்படியே இருக்கிறது: புரோஸ்ட் அந்தப் பட்டத்தை ஜெயித்தார், யாரும் தூக்கிக் கொடுக்கவில்லை.

பாரிவேந்தன்:
என் நிலையும் அப்படியே. ஆகஸ்ட் கடைசியில் 3 புள்ளி வித்தியாசம், பிறகு ஐந்து ரேஸில் ஐந்து முறை கார் நின்றது. இதில் டிரைவர் செய்த பிழை ஒன்றைக் காட்டுங்கள், நான் இந்த இழையை மூடிவிடுகிறேன்.

மாதங்கி:
பாரி, அதை செழியன் காட்டட்டும். நான் ஃபாபிக்குத் தனி இழை தொடங்குகிறேன், 1983 இண்டி தகுதிச் சுற்றிலிருந்து ஆரம்பிக்கப் போகிறேன். அன்வர், அந்த இண்டி காரில் இருந்ததும் டர்போ காஸ்வொர்த்தான், நீங்கள் கட்டாயம் வர வேண்டும்.